கலப்புலோகத்தின் கதையும் கண்டுபிடிப்பாளன் என்னும் கதாநாயகனும்

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே மாணாக்கருக்கு வழங்கப்படும் நூல்களுள் கணிசமானவை விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகள் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். நாமும் இத்தகைய நூல்கள் பலவற்றை வகுப்பறைக்காகவும் வாசிகசாலைக்காகவும் தெரிந்தெடுத்திருக்கிறோம், வாசித்துமிருக்கிறோம். ஒன்றை வாசித்தவர் மற்றொன்றின் போக்கை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். வறிய குடும்பம், புத்தகத்தை விட்டுப் பிரியாத சிறுவன், ஊராரின் ஏளனம், உறக்கமில்லா இரவுகள், திடீரென ஒருநாள் உதிக்கும் பேருண்மை, ஈற்றிலே பதக்கமும் சிலையும். பெயரும் ஊரும் ஆண்டும் மாறுமே தவிரக் கதை மாறுவதில்லை. நமது பழைய அடியார் கதைகளின் அமைப்பே இங்கு ஆய்வுகூட அங்கி அணிந்து வருகின்றது எனலாம்.

இந்நூல்களால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கிரகபலனையும் விதியையும் நம்பிக் கிடந்த வீடுகளுக்குள் மனித முயற்சியின் பெருமையை எடுத்துச் சென்றவை அவை. ஆயினும், ஒரு காலத்தில் செய்த தொண்டினைக் காரணங்காட்டி ஓர் இலக்கிய வடிவத்தைக் காலமெல்லாம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக வைத்திருத்தல் முறையன்று. இவ்வடிவம் எதனைச் சொல்கிறது என்பதோடு எதனைச் சொல்லாது விடுகிறது என்பதையும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வெண்ணத்தை நம்முள் எழுப்பியவன் ஒரு மாணவன். உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலருடன் அணு உலைகளில் பயன்படும் உலோகங்களைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். சிர்க்கோனியம் என்னும் உலோகம் நமது கிழக்குக் கரையின் மணலிலும் தாதுவாகக் கிடைக்கிறது என்று சொன்னபோது, கனிய மணல் அகழும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து நின்றான். “சேர், அப்ப எங்கட அப்பாவையும் இந்தக் கதையிலை எழுதலாமோ?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நம்மிடம் அன்று மறுமொழி இருக்கவில்லை. இக்கட்டுரை அவனுக்கு நாம் சொல்லக் கடமைப்பட்டுள்ள மறுமொழியே.

*

அணு உலைக்கான உலோகங்களின் வரலாற்றிலே முதன்மையாகக் குறிப்பிடப்படும் பெயர் வில்லியம் ஜஸ்ரின் குரோல் என்பதாகும். இவரது வாழ்க்கையைப் பரிசு நூல்களின் பாணியிலே எழுதுவது எளிது. 1889ஆம் ஆண்டு லக்சம்பேர்க்கின் இரும்புத் தொழில் நகரான எஷ் என்னுமிடத்திலே பிறந்தார். தந்தையார் ஊதுலைகளை மேற்பார்வை செய்தவர். பேர்லினில் உலோகவியல் கற்ற குரோல், ஜேர்மனியில் சில காலம் தொழில் புரிந்து, பின்னர் 1923இல் தாயகம் மீண்டு தமது இல்லத்திலேயே ஆய்வுகூடம் ஒன்றினை அமைத்துக்கொண்டார். அங்கேதான் தைத்தானியம் என்னும் உலோகத்தை வளைத்தும் நீட்டியும் வேலை செய்யத்தக்க தூய்மையுடன் பிரித்தெடுக்கும் வழியைத் தேடினார்.

தைத்தானியத்தின் குளோரைட்டை, காற்றுப் புகாத பாத்திரத்திலே, உருகிய மகனீசியத்தோடு வினைப்படுத்துவதே அவர் கண்ட வழி. காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் சிறிதளவு கலந்தாலும் இவ்வுலோகம் நொறுங்குந் தன்மை அடைந்துவிடும். ஆகவே வினைப்படாத வாயுவொன்றின் காவலிலேயே முழுவேலையும் நடத்தல் வேண்டும். 1938இல் அமெரிக்கா சென்று அங்குள்ள பெருங் கம்பனிகளுக்குத் தமது உலோகத்தைக் காட்டினார். அவர்கள் ஆர்வங் காட்டவில்லை. 1940இல், நாசிப் படைகள் லக்சம்பேர்க்கினுள் நுழைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அவர் அமெரிக்காவிற் குடியேறினார். யுத்த காலத்தில் அவரது காப்புரிமையை அமெரிக்க அரசாங்கம் அந்நியர் சொத்தெனக் கூறிக் கைப்பற்றிக்கொண்டது. நீண்ட வழக்காடலின் பின்னரே அவர் தம் உரிமையை நிலைநாட்டிக்கொண்டார்.

1945இல் ஒறிகன் மாநிலத்தின் அல்பனி நகரிலே, சுரங்கப் பணியகத்தின் ஆய்வுகூடத்திற் சேர்ந்த குரோல், தைத்தானியத்துக்குக் கண்ட அதே முறையைச் சிர்க்கோனியத்துக்கும் பொருத்தினார். அணு உலைக்கு வேண்டிய உலோகம் தொழிற்சாலை அளவில் கிடைப்பதற்கு அதுவே வழி திறந்தது. 1973இல் பிரசெல்ஸ் நகரிலே காலமானார்.

இவ்வளவும் உண்மை. ஏளனம் உண்டு, அஞ்ஞாதவாசம் உண்டு, அநீதி உண்டு, ஈற்றில் வெற்றியும் உண்டு. பரிசு நூல் எழுதுவோர் வேறெதுவும் தேடவேண்டியதில்லை. ஆயின் இதனை மட்டும் எழுதி நிறுத்தினால் உண்மைகளைக்கொண்டே ஒரு பொய்யைக் கட்டியவர்களாவோம். ஏனெனில், அணு உலையிலே யுரேனியத்தைப் பொதிந்து வைக்கும் கலப்புலோகத்தைக் குரோல் செய்யவில்லை. அதனைச் செய்தவர் இன்னாரென ஒருவரைச் சுட்டிக்காட்டவும் எவராலும் இயலாது.

*

கதையை உலோகத்தின் பக்கமிருந்து சொல்லிப் பார்ப்போம்.

1789ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே ஆண்டிலே, பேர்லினில் மாட்டின் கிளாப்ரொத் என்னும் இரசாயனவியலார் ஒரு கல்லைப் பகுத்தாராய்ந்து அதிலே அதுவரை அறியப்படாத மூலகமொன்று இருப்பதைக் கண்டார். அந்தக் கல் இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கன் கல். நிறமற்ற சேர்க்கன் கற்களை ‘மாத்தறை வைரம்’ என்று வணிகர் வழங்கியமை பலரும் அறிந்ததே. ஆற்றுப் படுகையிலே குழி தோண்டி, சேற்றை அரித்து அக்கல்லை எடுத்தவன் எவன் என்பதை எந்த நூலும் கூறவில்லை. அவன் கை படாது அக்கல் பேர்லினைச் சேர்ந்திராது என்பது மட்டும் நிச்சயம்.

1824இல் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் தூய்மையற்ற நிலையிலே உலோகத்தைப் பிரித்தார். அது எதற்கும் உதவாத தூளாகவே இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1925இல், ஒல்லாந்தரான வான் ஆர்க்கல், டி போர் என்போர் அயடீனைத் துணைக்கொண்டு தூய உலோகக் கோலை ஆக்கினர். அது வளைந்தது, ஆனால் விலையோ மிக அதிகம், ஆக்கக்கூடிய அளவோ மிகச் சிறிது.

இதற்கிடையே 1923இல் கொப்பன்ஹேகனிலே கொஸ்ரர், ஹெவெசி ஆகிய இருவர் சிர்க்கோனியத் தாதுவினுள்ளே மற்றொரு மூலகம் ஒளிந்திருப்பதைக் கண்டனர். அதுவே ஹாப்னியம். இரசாயன இயல்புகளிலே இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தல் மிகக் கடினம். சிர்க்கோனியத் தாதுவிலே ஏறத்தாழ 2 வீதம் ஹாப்னியம் உண்டு. அணு உலை பற்றி எவரும் எண்ணியிராத அக்காலத்தில் இது ஏட்டறிவாகவே இருந்தது.

அணு உலையிலே தொடர்வினையை நடத்துவன நியூத்திரன்கள். எரிபொருளைப் பொதிந்திருக்கும் உலோகம் அந்நியூத்திரன்களை விழுங்கிவிட்டால் வினை தளர்ந்துவிடும். உருக்கு விழுங்கும் அளவு அதிகம். சிர்க்கோனியமும் பெருமளவில் விழுங்குகிறது என்றே முதலிற் கருதினர். 1947ஆம் ஆண்டளவில் அல்பேட் கோஃப்மன், ஹேபேட் பொமரான்ஸ் முதலியோர் செய்த ஆய்வுகளே உண்மையை வெளிப்படுத்தின. விழுங்கியது சிர்க்கோனியமன்று, அதனுட் கலந்திருந்த ஹாப்னியமே. ஹாப்னியம் சிர்க்கோனியத்தைவிட 500 மடங்குக்கும் மேலாக நியூத்திரன்களை உறிஞ்சுவது. அதனை நீக்கிவிட்டாற் சிர்க்கோனியம் நியூத்திரன்களுக்கு ஏறக்குறையத் திறந்த சாளரம் போன்றதாகிவிடும். நீக்கும் வழியை ஓக் றிட்ஜ் நிலையத்தின் இரசாயனவியலார் வகுத்தனர். நீக்கப்பட்ட ஹாப்னியமும் வீண்போகவில்லை. நியூத்திரன்களை விழுங்கும் அக்குணமே வினையைக் கட்டுப்படுத்துங் கோல்களுக்கு அதனை ஏற்றதாக்கியது.

இனிக் கலப்புலோகத்தின் பிறப்பைப் பார்ப்போம். குரோலின் முறையாற் பெற்ற சிர்க்கோனியத்தில் நைதரசன் சிறிது கலந்திருந்தது. அது கொதிநீரில் உலோகம் அரிபடுதலை விரைவுபடுத்தியது. வெள்ளீயத்தைச் சிறிதளவு சேர்த்தால் அத்தீங்கு தணியும் என அறிந்து முதலாவது கலப்புலோகத்தை ஆக்கினர். அதுவும் போதியதாயில்லை. அவ்வேளையில் பெற்றிஸ் ஆய்வுகூடத்திலே உருக்கி வார்த்த கட்டியொன்றில், துருப்பிடியா உருக்கு தற்செயலாகக் கலந்துவிட்டது. எறியப்பட வேண்டிய கட்டி. ஆயினும் சோதித்தபோது, அது மற்றவற்றினும் மேலாக அரிப்பைத் தாங்கியது. உருக்கிலிருந்த இரும்பும் குரோமியமும் நிக்கலும் செய்த வேலை அது. அதன் வழியே ஏறத்தாழ 98 வீதம் சிர்க்கோனியமும் 1.5 வீதம் வெள்ளீயமும் இம்மூன்றின் சிறுதுளிகளும் கொண்ட ‘சேர்க்கலோய்-2’ உருவாயிற்று. பிற்காலத்தில் நிக்கலை நீக்கி, உலோகம் ஐதரசனை உறிஞ்சுதலைக் குறைத்துச் ‘சேர்க்கலோய்-4’ ஆக்கப்பட்டது. சோவியத் நாட்டினரோ வெள்ளீயத்துக்குப் பதிலாக நயோபியத்தைச் சேர்த்து வேறொரு பாதையிற் சென்றனர்.

இக்கலப்புலோகத்தைக் கண்டுபிடித்தவர் யார்? கிளாப்ரொத்தா? குரோலா? ஹாப்னியத்தைப் பிரித்தோரா? தவறிப்போன கட்டியை எறியாமற் சோதனைக்கு அனுப்பிய, பெயர் அறியப்படாத அந்த ஒருவரா? சிர்க்கோனியத் தூளும் சீவலும் எளிதிலே தீப்பற்றுவன. மூண்ட தீயை நீரூற்றி அணைத்தலும் ஆபத்து. அத்தகைய தூளுக்கு நடுவே நாள்தோறும் நின்று கடைந்தவரும் வார்த்தவரும் இக்கண்டுபிடிப்பிற் பங்கற்றவரா?

கலப்புலோகம் என்னுஞ் சொல்லே இதற்கு விடை கூறுகிறது. ஒரு மூலகத்தின் குணத்தால் அது நிற்பதில்லை. பலவற்றின் சேர்க்கையால் நிற்பது. அதனை ஆக்கிய உழைப்பும் அத்தகையதே. இதைச் சொல்லவல்ல கதைவடிவம் நம்மிடம் இல்லை என்பதே இங்கு பிரச்சினை.

*

தனிமனித மேதையின் கதை உழைத்தோரை மறைக்கிறது என்பது முற்போக்கு எழுத்தாளர் பலகாலும் கூறிவந்த குற்றச்சாட்டே. அதனை மீண்டும் கூறுவதோடு நாம் அமைதியடைவதற்கில்லை. அக்கதை உழைத்தோரின் புகழை மறைப்பதோடு, வேலையைக் கேட்டு வாங்கியோரின் பொறுப்பையும் மறைக்கிறது. முன்னதைப் பற்றிப் பேசியவர் பலர். பின்னதைப் பற்றிப் பேசியவர் சிலரே.

சிர்க்கோனியத்தைத் தொழிற்சாலை அளவில் ஆக்க வேண்டுமென அவசரப்பட்டது எது? மக்களுக்கு மின்னொளி தரும் ஆவல் அன்று. நீருக்கடியிலே மாதக்கணக்கில் மறைந்து திரியக்கூடிய போர்க்கப்பல் ஒன்று அமெரிக்கக் கடற்படைக்கு வேண்டியிருந்தது. அத்திட்டத்தை நடத்திய ஹைமன் றிக்கோவர் சிர்க்கோனியத்தைத் தெரிந்தெடுத்தார். அதனை ஆக்குவதற்குப் பணமும் ஆட்களும் திரட்டினார். விலை எத்துணை உயர்ந்ததாயினும் அரசாங்கம் கொடுத்தது. 1954 ஜனவரியில் ‘நோட்டிலஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதன் பின்னரே, 1957இல், ஷிப்பிங்போட் என்னுமிடத்திலே இவ்வுலோகத்தாற் பொதிந்த எரிபொருள் மின்சாரம் ஆக்கியது. 1938இல் குரோலுக்குக் கதவடைத்த அதே சமுதாயம் பத்தாண்டுகளுக்குள் இவ்வுலோகங்களின் பின்னால் ஓடியமைக்குக் காரணம் மேதைமையை அது திடீரென மதிக்கத் தொடங்கியமை அன்று, யுத்தத் தேவையே.

1982 ஜனவரியில், ஓய்வுபெறும் தறுவாயில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றின் முன்னே சாட்சியமளித்த றிக்கோவர், அணுசக்திக் கப்பல்களை ஆக்குவதில் தாம் வகித்த பங்கினையிட்டுப் பெருமைப்படவில்லை எனவும், இயலுமாயின் அவை யாவற்றையும் மூழ்கடித்துவிடுவார் எனவும் பொருள்படக் கூறினார். நாட்டின் பாதுகாப்புக்கு அவை அவசியமாயிருந்தன என்றும் அவர் சேர்த்துக் கூறினார். வாழ்நாள் முழுவதையும் ஒரு வேலைக்குக் கொடுத்த மனிதரின் இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டில் ஒரு முழு நாடகத்துக்குரிய பொருள் கிடக்கிறது. பரிசு நூல்களிலோ இத்தகைய முரண்பாட்டுக்கு இடமில்லை. அவை பதக்கத்தோடு முடிந்துவிடும்.

உலோகத்துக்கும் ஒரு முரண்பாடு உண்டு. சாதாரண நிலையிலே கொதிநீரை ஆண்டுக்கணக்கிலே தாங்கும் சேர்க்கலோய், குளிர்விக்கும் நீர் வற்றி வெப்பநிலை 1200 பாகை செல்சியசை அணுகும்போது, நீராவியோடு உக்கிரமாக வினைபுரியத் தொடங்குகிறது. நீராவியிலுள்ள ஒட்சிசனை உலோகம் பற்றிக்கொள்ள ஐதரசன் வெளிப்படுகிறது. வினையிலே பிறக்கும் வெப்பம் மேலும் வினையைத் தூண்டுகிறது. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திறீ மைல் ஐலன்ட் உலையிலே நிகழ்ந்த விபத்தில் இவ்வாறே ஐதரசன் உண்டாயிற்று. 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய புக்குஷிமாவில், மின்சாரம் அற்று, குளிர்வித்தல் நின்று, அடுத்த சில நாட்களிலே உலைக் கட்டடங்கள் ஐதரசனால் வெடித்துச் சிதறியமையை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. அதன் பின்னர், சேர்க்கலோய்க் குழாயின்மேற் குரோமியம் பூசுதல், இரும்பு–குரோமியம்–அலுமினியக் கலப்புலோகத்தைப் பயன்படுத்தல் எனப் புதிய முயற்சிகள் பல நாடுகளிலும் முடுக்கிவிடப்பட்டன.

இவ்விபத்துகளுக்குக் குரோலைப் பொறுப்பாக்குவது அறிவீனம். பெற்றிஸ் ஆய்வுகூடத்தாரைப் பொறுப்பாக்குதலும் அதுபோன்றதே. ஆனால் ‘எல்லாம் அவரால் ஆயிற்று’ என்று புகழும்போது ஒருவரையே முழுக் கர்த்தாவாக்கும் இலக்கிய வடிவம், தீங்கு நேரும்போது திகைத்துப்போகிறது. ஒன்றில் அந்த ஒருவரையே அரக்கனாக்க வேண்டும். அன்றேல் இயற்கையின்மேற் பழிபோட்டு ஒதுங்க வேண்டும். கடற்கரையிலே எவ்வளவு உயரத்திற் சுவர் எழுப்புவது என்று கணக்கிட்டவர், செலவைக் குறைத்தவர், எச்சரிக்கைகளைக் கிடப்பிற் போட்டவர் ஆகிய எவருக்கும் அக்கதையிலே பாத்திரம் இல்லை. புகழைப் பங்கிட அறியாத கதைக்குப் பொறுப்பையும் பங்கிடத் தெரியாது.

*

உலக இலக்கியம் இப்பிரச்சினையை எவ்வாறு எதிர்கொண்டது என்று நோக்குதல் பயனுடையது.

பேர்டோல்ட் பிறெக்ட் தமது ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகத்தை நாடு கடந்த வாழ்வின்போது 1938–39இல் எழுதினார். 1945இல் ஹிரோஷிமா எரிந்தது. அக்காலத்தில் நடிகர் சார்ல்ஸ் லோட்டனோடு சேர்ந்து நாடகத்தைத் திருத்தியமைத்தார். 1947இல் அது அமெரிக்காவில் மேடையேறியது. திருத்திய வடிவிலே கலிலியோ தம்மைத் தாமே கடுமையாகக் கண்டிக்கிறார். விஞ்ஞானத்தை மக்களிடமிருந்து பிரித்து ஆள்வோரிடம் ஒப்படைத்த குற்றம் அவருடையதாகிறது. ஓர் எழுத்தாளன் தன் காலத்து நிகழ்ச்சியாற் பாதிக்கப்பட்டுத் தன் படைப்பையே மறுபரிசீலனை செய்தமைக்கு இது சிறந்த உதாரணம். தொடர்ந்து 1962இல் டூறன்மாட்டின் ‘பௌதிகவியலார்’, 1964இல் கிப்ஹாட்டின் ஒப்பன்ஹைமர் விசாரணை நாடகம் என்பன வந்தன.

இவை மூன்றும் நாம் மதிக்கும் ஆக்கங்கள். ஆயினும் மூன்றிலும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. இவற்றின் நாயகர் யாவரும் பௌதிகவியலார், அல்லது வானை நோக்கியவர், கொள்கையைக் கண்டவர்கள். அவர்கள் வாழ்விலே ‘இப்போது முடிவு செய்ய வேண்டும்’ என்னும் ஒரு கணம் வருகிறது. நாடகத்துக்கு அக்கணம் தேவை. உலோகவியலானின் வாழ்விலோ அத்தகைய கணம் வருவதில்லை. அவன் முன்னே வருவது ஓர் ஒப்பந்தப் பத்திரம்: இத்தனை வீதம் வெள்ளீயம், இத்தனை நாட் சோதனை, இத்தனை தடிப்பு. மனச்சாட்சியை உலுக்கும் கேள்வி அப்பத்திரத்தில் இராது. அக்கேள்வி நூறு பத்திரங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறது. இக்காலத்து உற்பத்தி முறையின் இயல்பே அது. பெருந்தீமையும் பெருநன்மையும் இன்று பெரும்பாலும் இவ்வாறுதான் ஆக்கப்படுகின்றன. ஆகவே தனியொருவனின் தீர்மானக் கணத்தையே நம்பியிருக்கும் நாடகம் இன்றைய யதார்த்தத்தின் ஒரு பகுதியையே காட்டவல்லது.

இத்தாலிய எழுத்தாளரும் தொழில்முறை இரசாயனவியலாருமான பிறீமோ லேவி இவ்வரம்பைத் தாண்டியவர் என்பது நமது கருத்து. 1975இல் வெளிவந்த அவரது ‘ஆவர்த்தன அட்டவணை’ என்னும் நூலில் அத்தியாயந்தோறும் ஒரு மூலகம் தலைப்பாக நிற்கிறது. நிக்கல் பற்றிய அத்தியாயத்தில், இளைஞராயிருந்தபோது ஒரு கன்னார்ச் சுரங்கத்தின் கழிவுக் கல்லிலிருந்து நிக்கலைப் பிரிக்கத் தாம் முயன்றதை விவரிக்கிறார். யூதரான அவர் பாசிச இத்தாலியிலே உரிமை இழந்து, மறைமுகமாகவே அவ்வேலையைப் பெற்றிருந்தார். கல்லோடு போராடும் இன்பம் அவரை ஆட்கொண்டுவிட்டது. அம்முயற்சி பலித்திருந்தால் அந்த நிக்கல் பாசிஸ்டுகளின் கவசத் தகடாகவும் பீரங்கிக் குண்டாகவுமே ஆகியிருக்கும் என்பதை அன்று தாம் எண்ணிப் பார்க்கவில்லை என அவரே எழுதுகிறார்.

இங்கே அரக்கனும் இல்லை, அடியாரும் இல்லை. வேலையை நேசித்த ஒருவன் இருக்கிறான். வேலையின் பயன் எங்கே போகும் என்ற கேள்வி அவனுக்குப் பிந்தியே வருகிறது. தொழிலின் மகிழ்ச்சியை லேவி இழிவுபடுத்தவில்லை. அதே வேளையில் அம்மகிழ்ச்சி எதனைக் காணாதவாறு கண்ணை மறைத்தது என்பதையும் ஒளிக்கவில்லை. ஒரு கண்டுபிடிப்பாளனின் வாழ்வை எழுத விரும்புவோர்க்கு இதனினும் நல்ல முன்மாதிரியை நாம் அறியோம்.

*

நமது கருத்துக்கு இருவகையான ஆட்சேபம் எழக்கூடும்.

ஒருசாரார், ‘உலோகத்துக்கு அரசியல் ஏது? கத்தி காய்கறியும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். பயன்படுத்துபவனைப் பொறுத்தது’ என்பர். சேர்க்கலோய் கத்தியைப் போன்றதன்று. ஹாப்னியம் நீக்கிய சிர்க்கோனியத்துக்கு அணு உலையை விட்டால் வேறு தேவை மிகக் குறைவு. எதற்காக என்ற கேள்வி அதன் ஆக்கத்தின் முதற்படியிலேயே, ஹாப்னியத்தை நீக்கும் வாளியிலேயே கலந்துள்ளது. ஒரு நாடு அணுமின்சாரத்தை ஏற்பதா மறுப்பதா என்பது தனியே விவாதிக்க வேண்டிய விடயம். நல்லெண்ணமுடையோர் இருபுறமும் உளர். எப்புறம் நிற்பினும், நோக்கம் உலோகத்துக்கு வெளியே நிற்கிறது என்று வாதிக்க இயலாது.

மறுசாரார் நமது அணியிலேயே உள்ளவர்கள். ‘வரலாற்றின் தேவை ஆக்குகிறது, குரோல் இல்லாவிடின் வேறொருவர் செய்திருப்பார், தனிமனிதனைப் பற்றி எழுதுவதே பிற்போக்கு’ என்பர். இதுவும் நமக்கு உடன்பாடன்று. குரோல் தம் வீட்டு ஆய்வுகூடத்திலே ஆண்டாண்டு காலமாகக் காட்டிய பொறுமை அவருடையதே. எவரும் கேளாத காலத்திலே அவர் அவ்வேலையைச் செய்தார். வரலாற்றுத் தேவை என்னும் பெருஞ் சொல்லால் அந்தப் பொறுமையை அழித்துவிட்டால், மாணவனொருவன் தன் மேசையின்முன் அமர்ந்து முயல்வதற்குரிய காரணத்தையும் அழித்துவிடுகிறோம். வரட்டுத்தனமான சூத்திரங்களால் நல்ல வாழ்க்கை வரலாறு எழுத முடியாது; நல்ல பாடமும் நடத்த முடியாது. கலப்புலோகத்திலே வெள்ளீயம் 1.5 வீதந்தான். ஆயினும் அது இல்லாவிடின் உலோகம் நில்லாது. தனிமனிதனின் பங்கையும் நாம் அவ்வாறே அளந்து கூற வேண்டும்: கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா.

*

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம்.

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரையின் மணலிலே இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் என்னுங் கனியங்கள் செறிந்துள்ளன. முதலிரண்டும் தைத்தானியத்தின் தாதுக்கள். மூன்றாவது சிர்க்கோனியத்தின் தாது. குரோல் தம் வாழ்வை அர்ப்பணித்த இரண்டு உலோகங்களும் ஒரே கரையிலே கிடக்கின்றன. 1957இல் இதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட காலந்தொட்டு, அம்மணல் பெரும்பாலும் கனியமாகவே பிரிக்கப்பட்டுக் கப்பலேறி வந்துள்ளது. கடலுக்கு அப்பால் தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலிலே சேர்க்கனிலிருந்து அணு உலைக்குரிய சிர்க்கோனியம் ஆக்கும் தொழிற்சாலை இயங்குகிறது. நமது மண்ணிலிருந்து 1789இல் கல் சென்றது. இன்று மணல் செல்கிறது. கல்லை எடுத்தவனுக்குப் பெயர் இருக்கவில்லை. மணலை அள்ளுபவருக்கும் கதையிலே பெயர் இல்லை.

ஆகவே, தம்பி, உனது தந்தையாரை இக்கதையில் எழுதலாமா என்று கேட்டாய். எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இரக்கத்துக்காக ஒரு வரி சேர்ப்பதுபோல எழுதுதல் கூடாது. அவர் அள்ளும் மணலில் எத்தனை பங்கு எக்கனியம், அது எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது, போய் என்னவாகிறது, அவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பவற்றை அறிந்து எழுத வேண்டும். குரோலையும் எழுது, பெற்றிஸ் ஆய்வுகூடத்துக் கட்டியையும் எழுது, றிக்கோவரின் சாட்சியத்தையும் எழுது. இவற்றோடு உனது தந்தையாரின் வேலைநாளையும் வைத்து எழுது. அப்போது அது ஒருவரின் புகழ்மாலையாக இராது. ஓர் உலோகத்தின் உண்மையான வரலாறாக இருக்கும்.

அத்தகைய நூலொன்று தமிழில் இல்லாதவரையில், பரிசளிப்பு மேடையிலே நாம் கொடுப்பது அரைக் கதைதான். அந்த நூலை எழுதுவதற்கு மேதை எவரும் பிறந்துவர வேண்டியதில்லை. விஞ்ஞானம் கற்பிப்போரும் தமிழ் கற்பிப்போரும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். நமது பாடசாலையில் வரும் தவணையில் அம்முயற்சியைத் தொடங்க எண்ணியுள்ளோம். முதலாவது அத்தியாயத்தை எழுதும் பொறுப்பை அந்த மாணவனிடமே ஒப்படைத்திருக்கிறோம்.